பாறையை விட்டு விருந்துக்கு வந்தவர்

எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிடுகிற வாய் ஒன்று எங்கள் தெருவில் இருந்தது, அதன் பெயர் செண்பகவல்லி. தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவனை, பல் பிடுங்கிய டாக்டரை, காரில் அபராதச் சீட்டு சொருகிக்கொண்டிருந்த பெண்ணை, தவறான எண்ணுக்குப் போன் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்ட முகம் தெரியாத மனிதரை, அத்தனை பேரையும் "ஒருநா வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போணும்" என்று கூப்பிட்டுவிடுவாள். அவள் பிறந்த கோவில்பட்டிப் பக்கம் அப்படித்தான். கூப்பிடுவது ஒரு மரியாதை, கூப்பிட்டவுடன் கிளம்பி வந்துவிடாமல் இருப்பது இன்னொரு மரியாதை என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். சிட்னிக்கு வந்து ஒன்பது வருஷத்தில் அவள் கூப்பிட்டு வந்தவர் ஒருவரும் இல்லை என்பதால் அந்த வழக்கத்துக்கு எந்தக் கேடும் வரவில்லை.

கூப்பிட வாய் இருந்த அளவுக்கு அவளுக்கு வீடு இருந்ததில்லை. ஒன்பது வருஷத்தில் ஆறு வாடகை வீடு. ஒரு வீட்டை உரிமையாளர் விற்றார், ஒரு வீட்டை இடித்தார், ஒரு வீட்டுக்கு அவருடைய மகளே குடிவந்தாள், மற்ற இரண்டுக்கும் காரணம் சொல்லக்கூட யாரும் மெனக்கெடவில்லை. ஆறாவது வீட்டில்தான், மூன்று வருஷம் கழிந்த தைரியத்தில், வீடு வீடாகத் தொட்டியில் தூக்கித் திரிந்த கறிவேப்பிலைக் கன்றை அவள் மண்ணில் இறக்கி வைத்தாள். அது கூரையை எட்டிப் பார்க்குமளவு வளர்ந்தும் விட்டது. இனிமேல் இதைப் பிடுங்கினால் இதுவும் பிழைக்காது, நானும் பிழைக்க மாட்டேன் என்று புருஷன் இசக்கியப்பனிடம் சொல்லியிருந்தாள். இந்த வீட்டின் உரிமையாளரை யாரும் பார்த்ததில்லை. அவர் சார்பில் கெல்லி என்ற ஏஜென்ட் பெண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, அடுப்புக்கு அடியில் எட்டிப் பார்த்து, சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போவாள். இந்த முறை அவள் வருவதற்குப் பதினோரு நாள் இருந்தது. வீட்டில் பழுதில்லை என்றால் வாடகை ஒப்பந்தமான லீஸைப் புதுப்பிப்பார்கள், ஒரு கீறல் கண்ணில் பட்டாலும் ஏழாவது வீடு தேட வேண்டியதுதான்.

இந்தக் கவலையோடுதான் இருவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் நடைக்குழுவோடு காட்டுக்கு வந்தார்கள். நடைக்குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மாதத்தின் முதல் ஞாயிறு பன்னிரண்டு பேர் கூடி நாலு மைல் நடந்துவிட்டு எட்டு மைலுக்கான சாப்பாட்டைக் காலி செய்வோம். தலைவர் பரராஜசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், கழுத்தில் விசில் தொங்க நடப்பவர், யாராவது பத்தடி பின்தங்கினால் ஊதிவிடுவார். அந்த மாதம் பூர்வகுடி மக்களின் பாறை ஓவியங்களையும் செதுக்கல்களையும் பார்ப்பது என்று அவர்தான் முடிவு செய்திருந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் வழிகாட்டி டோரீன் காத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும், அகலமான தொப்பி, பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிற முகம். கப்பல்கள் இந்தக் கரையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்ட நாளுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்பிருந்தே அவளுடைய தாய்வழி ஆட்கள் அந்தக் குன்றுகளில் இருக்கிறார்கள். "என் பின்னால் நடங்கள், கோடுகளின் மேல் மிதிக்காதீர்கள். சொல்லக்கூடிய கதையைச் சொல்வேன். சொல்லக்கூடாததைக் கேட்காதீர்கள், நான் பொய் சொல்லிவிடுவேன்" என்றாள்.

நடந்தோம். தோல் உரிந்து தொங்கும் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, காலைச் சுற்றி ஏறப் பார்த்த அட்டைகளை உப்புப் பொட்டலத்தால் விரட்டிக்கொண்டு, படியா பாறையா என்று தெரியாத மணற்கல் அடுக்குகளில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் அடுப்பை எப்படித் தேய்ப்பது என்று பேசிக்கொண்டே வந்த இசக்கியப்பனைச் சகித்துக்கொண்டு நடந்தோம். "வீட்ட அலசிக் கழுவ ஆளக் காணோம், இங்க வந்து பாறையப் பாக்குதோம்" என்று அவர் பத்தாவது தடவை சொன்னபோது ஒரு குகைவாயில் வந்தது. உள்ளே, சிவப்பு மண் ஊதிப் பதிந்த கைகள், பெரியதும் சின்னதுமாய், விரல் விரித்து நின்றன. இசக்கியப்பன் சுவரைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நின்று, காற்றிலே தன் கையை விரித்து ஒரு கைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அதன்பிறகு அரைமணி நேரம் அவர் வாயிலிருந்து அடுப்பு வரவேயில்லை.

மலைத்தலையில் தளம் போட்டது மாதிரி அகன்ற பாறை. யாரும் சொல்லாமலே பன்னிரண்டு பேரும் செருப்பையும் பூட்ஸையும் ஓரமாகக் கழற்றி வைத்தோம், பழக்கதோஷம்தான். இருபத்திரண்டு வருஷமாக ஆட்களைக் கூட்டி வருகிறேன், இதைச் செய்தவர்கள் நீங்கள்தான் என்று டோரீன் சிரித்தாள். சாய்ந்த வெயிலில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு ஒரு மீன் தெரிந்தது, பிறகு மீன்களாய்த் தெரிந்தன, கடைசியில் ஆள் உயரத்துக்கு ஒரு வாலபி, கங்காருவுக்குத் தம்பி முறை ஆகிற பிராணி, யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. கூரான கல்லால் குழி குழியாகக் கொத்தி, குழிகளைச் சேர்த்துக் கோடாக்கியிருந்தார்கள். கோட்டைத் தவிர அதற்கு வேறு உடம்பில்லை.

எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்த பிறகும் செண்பகவல்லி அங்கேயே குத்துக்காலிட்டு இருந்தாள். "வயிறு வெறுமையால்லா கெடக்கு" என்றாள். கிளம்பும்போது, சித்தப்பா வீட்டுத் தின்பண்டத்துக்குப் பதில் மரியாதை செய்கிற மாதிரி, "போயிட்டு வாரோம். ஒருநா வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போணும்" என்றாள்.

"ஏட்டி, கல்லையுமா கூப்புடுவ?" என்றார் இசக்கியப்பன்.

அவள் என்ன சொன்னாள் என்று டோரீன் கேட்டாள். "நன்றி சொல்லுறா" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு விசிலை ஊதினார் பரராஜசிங்கம்.

பாறையில் கிடந்தவர் புதன்கிழமை காலை வந்தார். செண்பகவல்லி குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வெளியே போனபோது, கார் நிறுத்தும் சிமெண்டுத் தளத்தில், தலையைத் திருப்பிக்கொண்டு, அதே கோடாகக் கிடந்தார். சிமெண்டும் கல்லும் ஓடும் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அவரால் போக முடிந்தது. புல்லிலும் மரத்திலும் முடியவில்லை. கோடு முன்னால் நகர நகரப் பின்னால் தரை பழையபடி மூடிக்கொண்டது. செண்பகவல்லி அலறவுமில்லை, மயங்கவுமில்லை. அவள் கவலை, முன்னறிவிப்பில்லாமல் விருந்தாளி வந்துவிட்டார், வீட்டில் நேற்றைய ரசம்தான் இருக்கிறது என்பதாக இருந்தது. "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு உளுந்தை ஊறப் போட ஓடினாள்.

பத்து மணிக்குத் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுக்களைத் தரை ஓட்டில் படுத்திருந்தவரைச் சுற்றி நின்று, காரோட்டி வந்தாரா ரயிலிலா என்று கேட்காத குறையாக எல்லோரும் நலம் விசாரித்தோம். முகத்துக்கு நேரே முதலில் கறிவேப்பிலைக் கொத்தை வைத்தாள் செண்பகவல்லி. கொத்து அப்படியே இருந்தது, ஆனால் அவருடைய வெற்று வயிற்றுக்குள் கறிவேப்பிலைக் கொத்து ஒன்று, காம்பும் இலையுமாக, மெல்லிய கோடாக விழுந்தது. வடை வைத்தாள். வயிற்றுக்குள் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு ஓட்டையும் தோன்றின. பரராஜசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முழுச் சைவம்!" என்று பெருமையாக அறிவித்தார், தானே வளர்த்த பிள்ளை மாதிரி.

அதன் பிறகுதான் எங்கள் யோக்கியதை வெளியே வந்தது. யார் வீட்டுச் சாப்பாட்டை அவர் சாப்பிட்டார் என்பது வயிற்றிலேயே எழுதியிருக்கும் என்றால், எந்த வீட்டில்தான் அடுப்பு அணையும்? வாட்ஸாப்பில் பட்டியல் போட்டோம், வியாழன் காலை ஒரு வீடு, மாலை ஒரு வீடு என்று முறை வைத்தோம், முறையை மீறினோம், மீறியவர்களைத் திட்டினோம். ஒரு வீட்டு முறுக்கு வயிற்றில் நாலு சுற்றும் தெளிவாக விழுந்தது. பக்கத்து வீட்டு அதிரசம் வெறும் வட்டமாய் விழுந்ததால் அது அதிரசமா பூரியா என்று அந்த வீட்டம்மாவைச் சீண்டினோம், அவள் எங்களோடு மூன்று நாள் பேசவில்லை. பரராஜசிங்கத்தின் மனைவி அவித்த பிட்டு விருந்தாளி வயிற்றில் ஏறவேயில்லை. "உதிர்ந்த சாமானைக் கோட்டாலை எப்பிடிக் கீறுறது? அவர் சாப்பிட்டவர், நான் கண்ணாலை கண்டனான்" என்று தலைவர் வீடு வீடாகப் போய் விளக்கம் கொடுத்தார். போன மாதம் இத்தாலி ஓடு பதித்த ஒரு வீட்டுக்காரர் மட்டும், குடும்பத்தோடு வெளியூர் போவதாகக் குழுவில் எழுதிவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். விருந்தாளி மேல் டயர் ஏறிவிடக் கூடாதென்று ஒருவரும் வீட்டுத் தளத்தில் காரை விடவில்லை. தெருவெல்லாம் கார், கார்களிலெல்லாம் அபராதச் சீட்டு.

ஆனால் எந்த வீட்டில் எத்தனை சாப்பிட்டாலும், அவர் திரும்பிப் போய் இருந்தது செண்பகவல்லியின் வீட்டில்தான். கூப்பிட்டவள் அவள்தானே. போகப் போக அவர் நடமாட்டத்தில் ஒரு தோரணை தெரிந்தது. அறை அறையாகப் போய் மூலையில் நின்று பார்ப்பார். வேலிக்கு அடியில் உள்ள சிமெண்டுத் திண்டைக் குறுக்கே கடந்து பக்கத்து மனைக்குப் போய், அங்கிருந்து அடுத்த மனைக்குப் போய், வேலி ஒன்று இருப்பதாகவே கண்டுகொள்ளாமல் திரும்புவார். மழைநீர்ச் சாக்கடையின் இரும்பு மூடிக்குப் பக்கத்தில் குனிந்து மணிக்கணக்காக நிற்பார். "இவரு விருந்தாளி மாரி இல்லட்டி, வீட்டச் சரிபாக்க வந்த ஆளு மாரி இருக்காரு" என்றார் இசக்கியப்பன். அதைச் சொன்னதும் அவரே அடுப்பைத் தேய்க்க ஓடினார், ஏனென்றால் கெல்லி வர மூன்று நாள்தான் இருந்தது.

அடுக்களை ஓட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு செதுக்கல் கிடந்தால் லீஸ் என்ன ஆகும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம். கெல்லி வருகிற வியாழக்கிழமை காலை முழுதும் விருந்தாளியைப் பரராஜசிங்கத்தின் வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. அதற்காகப் பதினாறு வகைக் கறிக்கு ஏற்பாடு நடந்தது, பிட்டைத் தவிர.

அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, செண்பகவல்லிக்கு டோரீனின் போன் வந்தது. "என் பாறையில் ஒரு ஆள் குறைகிறது" என்றாள். "கார் நிறுத்துமிடம் வரை கல் வழிதான், அதற்கப்புறம் தார் ரோடு. இந்த மாதத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பாறையில் ஏறியவர்கள் நீங்கள் மட்டும்தான். என்ன செய்தீர்கள்?"

செண்பகவல்லி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். மறுமுனையில் டோரீன் சிரித்த சிரிப்பு போனை மேசையில் வைத்த பிறகும் கேட்டது. சிரித்து முடித்ததும் அவள் குரல் மாறிவிட்டது. "அது இருக்கட்டும். நீ யாருடைய வீட்டில் நின்றுகொண்டு யாரை விருந்துக்குக் கூப்பிட்டாய், தெரியுமா? அந்தச் சாக்கடைக்குக் கீழே ஒரு ஓடை இருந்தது. குழாய்க்குள் போட்டு மூடிவிட்டார்கள். அவர் உன் வீட்டைத் தேடி அலைந்து வரவில்லை, வழி அவருக்குத் தெரியும். நாளைக்கு வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்றாள்.

அன்றைக்கு மாவாட்டும்போது செண்பகவல்லிக்குக் கை ஓடவில்லை. "என்னங்க, நம்ம வீட்டுக்கு ஒருத்தி வந்து, நம்ம நாற்காலில உக்காந்துக்கிட்டு, 'வாங்க, வெக்கப்படாம சாப்பிடுங்க'ன்னு நம்மளயே உபசரிச்சா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள். இசக்கியப்பன் அடுப்பைத் தேய்ப்பதை நிறுத்தி யோசித்தார். "செருப்பால அடிக்கத் தோணும்" என்றார். அவளுக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

வியாழக்கிழமை பத்தரைக்கு டோரீன் வந்து அடுக்களையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குக் கெல்லி வந்தாள். கெல்லி லீஸ் தாள்கள் மூன்று பிரதியை அடுப்புத் திண்டின் கருங்கல்லில் வைத்துவிட்டுத் திரும்பிய அதே நேரத்தில், பதினாறு கறியையும் பரராஜசிங்கத்தையும் அவருடைய விசிலையும் விட்டுவிட்டு, விருந்தாளி பின்வாசல் வழியாக உள்ளே வந்து நடுத்தரையில் நின்றார். இசக்கியப்பன் பாய்ந்து ஒரு பாயை விரித்து மூடினார். பாய்க்கு மறுபக்கம் வெளியே வந்து அவர் மறுபடி நின்றார். வயிற்றில் ஒன்பது வடை, ஒரு முறுக்கு, சந்தேகத்துக்குரிய அதிரசம்.

கெல்லி படிவத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "தரையில் சேதம்" என்று ஒரு கட்டத்தில் குறியிட்டாள். விருந்தாளி காதை அசைத்ததும், "அனுமதியில்லாத பிராணி" என்று இன்னொரு கட்டத்திலும் குறியிட்டாள்.

"பிராணி இல்லம்மா, விருந்தாளி" என்றார் இசக்கியப்பன்.

"விருந்தாளி பதினான்கு நாளுக்கு மேல் தங்கினால் எழுதித் தர வேண்டும்."

"எட்டு நாள்தான் ஆகுது."

"அப்படியானால் சேதம் மட்டும்" என்று பிராணிக்குப் போட்ட குறியை நியாயமாக அடித்துவிட்டாள் கெல்லி. "என்னால் ஒன்றும் செய்ய முடியாது. உரிமையாளர் இதைப் பார்த்தால் கையெழுத்துப் போட மாட்டார்." பேனாவை மூடினாள்.

செண்பகவல்லி ஜன்னல் வழியே கறிவேப்பிலை மரத்தை ஒருமுறை பார்த்தாள். கெல்லியிடம் கெஞ்சுவாள் என்றுதான் வாசலில் குவிந்திருந்த நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் கெல்லியைத் தாண்டிப் போய்த் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சியா அக்காவான்னு தெரியல, தப்பா எடுத்துக்கிடாதீய" என்றாள். "ஒம்பது வருசமா இருக்கோம். ஆறு வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுக் குடிவந்தோம், ஒங்ககிட்ட கேக்கல. ஒங்க எடத்துல நின்னுக்கிட்டு ஒங்களயே சாப்பிடக் கூப்புட்டேன், புத்தி கெட்டவ. இப்பக் கேக்கேன். நாங்க இங்க இருக்கலாமா? மரம் ஒண்ணு வச்சிருக்கேன். அது இருக்கலாமா?" அழுதுவிட்டாள், எங்களிலும் சிலர் அழுதோம், அதில் வெட்கமில்லை.

டோரீன் அந்தத் தமிழில் ஒரு வார்த்தை புரியாமல், எல்லாம் புரிந்தவளாகத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

விருந்தாளி திருப்பிய தலையை நேராக்கினார். பிறகு சுவர் ஓடுகளில் ஏறி, அடுப்புத் திண்டின் கருங்கல்லுக்கு வந்து, லீஸ் தாள்களுக்கு அடியில் போனார். காசின் மேல் தாளை வைத்துத் தேய்த்தால் காசு எழும்புமே, அதுபோல மூன்று பிரதியிலும் காகிதம் எழும்பித் தாழ்ந்தது. அவர் மறுபக்கம் வெளியே வந்தபோது, உரிமையாளர் கையெழுத்து என்று அச்சடித்திருந்த கோட்டின் மேல், நீளமாய் ஒரு பாதத்தடம் அழுத்தமாக விழுந்திருந்தது.

கெல்லி அதை விரலால் தடவிப் பார்த்தாள். பையிலிருந்து பழைய லீஸை எடுத்து, உரிமையாளர் போட்டிருந்த பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டாள். அதுவும் இழுத்துவிட்ட ஒரு நீளக் கிறுக்கல்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், புதியதுதான் திருத்தமாக இருந்தது. குனிந்து தரையைத் தேடினாள். ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பெருமூச்சு விட்டுப் படிவத்தில் சேதத்தையும் அடித்தாள்.

அதற்குள் விருந்தாளி வாசல் தளம் இறங்கி, தெருவோரக் கல்வரிசையில் வடக்கு நோக்கித் துள்ளத் தொடங்கியிருந்தார். டோரீன் அவர் வயிற்றைப் பார்த்து, "ஒன்பது வடையா? சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், அதற்குள் செரித்தால் சரி" என்று சொல்லிக்கொண்டே வேனில் ஏறி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஊர்வலத்தில் தேருக்குப் பின்னால் வருகிற மாதிரி அவர் பின்னால் மெதுவாக ஓட்டினாள். தெருவில் நிறுத்தியிருந்த கார்களை நாங்கள் அவசரமாக ஒதுக்கினோம்.

கெல்லி தாள்களோடு ஓடிவந்து வேனின் ஜன்னலைத் தட்டினாள். "கையெழுத்து சரி. ஆனால் கால அளவு எழுதவில்லையே? ஆறு மாதமா, பன்னிரண்டு மாதமா? எத்தனை நாளைக்கு என்று நான் அலுவலகத்தில் சொல்வது?"

டோரீன் அந்தத் தடத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்து, படிக்கத் தெரிந்தவள் படிப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள்.

"ஒழுங்காக இருக்கிற வரைக்கும் என்று போட்டிருக்கிறது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "உனக்கும் சேர்த்துத்தான்."